சிற்றோவியத்தில் ‘சிறு’ எங்கிருந்து வந்தது?

2024 ஜூலை 8. பெரில் புயல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைப் புரட்டிப்போட்ட நாள். லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. அந்த அதிகாலை இருட்டில் ஹூஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நின்றிருந்த 18 அடி உயரப் பொன்னிறப் பெண் சிலையின் தலையை யாரோ துண்டித்துவிட்டார்கள். சிலையின் பெயர் ‘விட்னஸ்’, அதாவது சாட்சி. செய்தவர் ஷாஸியா சிக்கந்தர். 1969இல் லாகூரில் பிறந்து, 30 ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவில் இருக்கும் பாகிஸ்தானியக் கலைஞர்.

செய்தியை மட்டும் படித்தவர்கள் அவரைச் சிற்பி என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் அவர் கற்ற வித்தை வேறு. தரையில் சம்மணமிட்டு, முழங்காலில் பலகையைச் சாய்த்து, அணில் வால் முடித் தூரிகையால் உள்ளங்கை அகலத்தில் ஓர் அரசவையையே தீட்டுகிற முகலாயச் சிற்றோவியம். அப்படிப்பட்டவர் எதற்காக 18 அடிக்குச் சிலை வைக்கப் போனார்? பழைய கலையின் கூண்டை உடைத்துக்கொண்டு பெரிய வெளிக்கு வந்தவர் என்பதுதான் அவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூண்டை யார் செய்தார்கள் என்று பார்த்தால் கதை கொஞ்சம் திசை மாறும்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘மினியேச்சர்’ என்றதும் ‘மினி’ என்று காது கேட்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் வேரில் ‘சிறிது’ என்ற பொருளே இல்லை. லத்தீனில் ‘மினியம்’ என்றால் ஈயத்திலிருந்து வரும் சிவப்புச் சாயம். ஈயச் சிந்தூரம் என்று சொன்னால் நமக்குப் புரியும். ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளில் தலைப்பு எழுத்துகளை அந்தச் சிவப்பில் தீட்டும் வேலைக்கு ‘மினியாரே’ என்று பெயர். புத்தகத்துக்குள் இருக்கும் படம் புத்தக அளவில்தானே இருக்கும்? அதனால் நாளடைவில் நிறத்தின் பெயர் அளவின் பெயராகத் திரிந்துவிட்டது. நாம் ‘சிற்றோவியம்’, ‘நுண்ணோவியம்’ என்று தமிழாக்கிக்கொண்டபோது அந்தத் திரிபையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொண்டோம். உருதுவில் இதற்கு ‘முஸவ்விரி’ என்ற சொல் இருக்கிறது. அதற்கு ஓவியக்கலை என்று மட்டும்தான் பொருள். சிறிது பெரிது என்ற பேச்சே அதில் இல்லை.

அளவுக் கணக்கும் இதற்கு ஒத்துவராது. அரியணையை இழந்து ஓடிய ஹுமாயூன் 1544இல் பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்பிடம் அடைக்கலம் புகுந்தார். அங்கே பார்த்த ஓவியங்களில் மயங்கி, மீர் சையது அலி, அப்துஸ் சமது என்ற இரண்டு ஓவியர்களைப் பின்னர் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். 1555இல் டெல்லி மீண்டும் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். மகன் அக்பர் அந்த இருவரின் தலைமையில் ஒரு பெரும் பட்டறையை நடத்தினார். அங்கே உருவான ‘ஹம்ஸாநாமா’ என்ற வீரக்கதைத் தொகுப்பில் சுமார் 1,400 ஓவியங்கள், முடிக்க ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தது. ஒவ்வொன்றும் துணியில் தீட்டப்பட்டு, கிட்டத்தட்ட முக்கால் மீட்டர் உயரம். பின்பக்கத்தில் கதை எழுதியிருக்கும். ஒருவர் கதையைச் சொல்ல, சபை படத்தைப் பார்க்கும். இதையும் நாம் சிற்றோவியம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த 1,400இல் இன்று கிடைப்பது 200கூட இல்லை. 1881இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் பொருள் வாங்க ஸ்ரீநகர் போன ஓர் அதிகாரி, சில ஏடுகள் குளிர்காற்றை அடைக்க ஜன்னல்களில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு போனார். இன்று லண்டனிலும் வியன்னாவிலும்தான் ஹம்ஸாநாமாவின் பெரும் பகுதி இருக்கிறது. லாகூரில் சிற்றோவியம் படிக்க வந்த மாணவிக்கு மரபின் தலைசிறந்த ஏடுகள் அச்சுப் புத்தகத்தில்தான் காணக் கிடைத்தன என்பதன் பின்னணி இதுதான். மிச்சம் இருந்ததையும் பிரிவினை பிரித்தது. 1948இல் லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பை இரண்டாகப் பங்கிட்டு, 40 சதவீதத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சண்டிகர் அருங்காட்சியகத்தின் தொடக்கம் அந்தப் பங்குதான்.

சிக்கந்தர் படித்த லாகூர் தேசியக் கலைக் கல்லூரிக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 1875இல் ஆங்கிலேயர்கள் அதைத் தொடங்கியபோது வைத்த பெயர் மேயோ தொழிற்கலைப் பள்ளி. முதல் முதல்வர் லாக்வுட் கிப்ளிங், எழுத்தாளர் கிப்ளிங்கின் தந்தை. ஐரோப்பியர் செய்தால் கலை, உள்ளூர்க்காரர் செய்தால் கைத்தொழில் என்ற பிரிவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1940களில் பாட்டியாலா அரசவை ஓவியர் குடும்பத்தைச் சேர்ந்த ஹாஜி முகமது ஷரீஃப் அங்கே ஆசிரியராக வந்ததால் அறுந்துபோகவிருந்த ஓர் இழை மிஞ்சியது. ஓவியர் ஸஹூருல் அக்லாக், லண்டனில் முகலாய ஏடுகளை நேரில் பார்த்துவிட்டு வந்து, இது பழம்பொருள் இல்லை, இன்றைக்கும் சிந்திக்க உதவும் மொழி என்று மாணவர்களிடம் பேசினார். 1980களில் பஷீர் அஹ்மதின் பொறுப்பில் சிற்றோவியம் தனிப் பட்டப் பாடமானது.

பாடம் வந்துவிட்டது, சேரத்தான் ஆள் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப் பழைய படத்தை அச்சு அசலாக நகலெடுக்கும் வேலை என்றுதான் அதற்குப் பெயர். நவீன ஓவியம் படிக்கிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சிக்கந்தர் அதைத் தேர்ந்தெடுத்தபோது பலர் தடுத்தார்கள். அது ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சிக் காலம் வேறு. 1979இன் ஹுதூத் என்ற மதத் தண்டனைச் சட்டங்கள் பெண்களின் மேல் கவிந்திருந்தன. மதமும் தேசமும் தூய மரபு என்று எதையாவது கையில் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மரபைப் படிக்கப் போவது என்ன விதமான கலகம் என்று கேட்கலாம். மற்றவர்கள் மதிக்காமல் ஒதுக்கிவைத்த இடத்தில் கண்காணிப்பும் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதலில் தாள். அதற்கு ‘வஸ்லி’ என்று பெயர். சில மெல்லிய தாள்களைக் கோதுமை மாவுப் பசையால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைக்க வேண்டும். பசை காய்ச்சும்போதே துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. காய்ந்த பிறகு வழுவழுப்பான கல்லாலோ சிப்பியாலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சரியாகத் தேய்த்த வஸ்லியில் விரலை ஓட்டினால் தாள் என்றே தோன்றாது. அப்புறம் தூரிகை. அணில் வால் முடியை எடுத்து, நுனிகள் ஒன்றுகூடும்படி அடுக்கி, நூலால் கட்டி, புறா இறகின் தண்டுக்குள் நுழைப்பது. நுனியைக் கத்தரிக்கக் கூடாது. முடியின் இயற்கையான கூர்மைதான் கோட்டின் கூர்மை. நிறத்தைக் கிளிஞ்சலில் குழைத்து வைத்துக்கொள்வார்கள். முகத்தில் நிழல் கொண்டுவரத் தூரிகை நுனியால் மயிரிழைக் கீறல்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டே போவதற்குப் ‘பர்தாக்த்’ என்று பெயர். எள் அளவுக் கன்னத்துக்கே ஒரு காலைப்பொழுது ஓடிவிடும்.

இந்த வித்தையில் இன்னொரு கருவியும் உண்டு. சிக்கந்தரைப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ‘சர்பா’ என்பது ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவிய மான் தோல். நல்ல உருவம் ஒன்று அமைந்துவிட்டால் அதன் மேல் இதை வைத்து வெளிக்கோட்டைப் பிரதியெடுத்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு வைத்துக்கொள்வார்கள். பிறகு வேறு தாளின் மேல் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் உருவம் அங்கே புள்ளிகளாக இறங்கும். திருப்பிப் போட்டால் வலம் பார்த்தவர் இடம் பார்ப்பார். ஒரே யானை, ஒரே தோழிப்பெண், ஒரே வளைந்த மரம் தலைமுறை தலைமுறையாகப் பட்டறைக்குள் சுற்றிவரும். முதலில் யார் வரைந்தது என்பது கேள்வியே இல்லை. எங்கே கொண்டுபோய் வைத்தாய், பக்கத்தில் யாரை நிறுத்தினாய் என்பதில்தான் திறமை தெரியும்.

சிக்கந்தரின் பட்டப்படிப்புப் படைப்பு 1989-90இல் வரைந்த ‘தி ஸ்க்ரோல்’. சுமார் 34 செ.மீ. உயரம், 162 செ.மீ. நீளம். வஸ்லியில் தேநீர்க் கறை பூசி அதன் மேல் தீட்டியது. அரசர் இல்லை, வேட்டை இல்லை. லாகூரின் ஒரு நடுத்தர வசதியான வீடு, அவர் வளர்ந்த வீட்டின் சாயலில். பழைய பாரசீக ஓவியங்களில் வருவதுபோலச் சுவர்கள் விலகி நிற்க, எல்லா அறைகளும் ஒரே சமயத்தில் தெரிகின்றன. மாடிப்படி ஒரு கோணம், முற்றம் இன்னொரு கோணம். வெள்ளை உடையில், பாதி கரைந்த புகைபோல ஓர் இளம்பெண் அறை அறையாகப் போய்க்கொண்டிருக்கிறாள். வீட்டார் தங்கள் வேலையில் இருக்கிறார்கள். யாரும் அவளைப் பார்ப்பதில்லை. நமக்கும் முகத்தைக் காட்டமாட்டாள். நீண்ட தாளின் கடைசியில் வெளியே வந்து, நமக்கு முதுகைக் காட்டி நின்று, ஓவியம் வரைகிறாள். வரைவது ஒரு பெண்ணின் உருவத்தை.

ஒரு வீட்டுக்குள் பெண் எங்கெல்லாம் நிற்கலாம், எங்கே நின்றால் கண்ணில் படமாட்டாள் என்பதை இதைவிட அமைதியாகச் சொன்ன ஓவியம் எனக்குத் தெரிந்து குறைவு. இதற்குப் பிறகு அந்தத் துறையில் மாணவர் கூட்டம் சேர்ந்தது. இன்று ‘நவ சிற்றோவியம்’ என்று அழைக்கப்படும் போக்கின் தொடக்கமாக இந்த ஏட்டைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

1993இல் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் கலைப் பள்ளியில் சேர்ந்தார். கிழக்கையும் மேற்கையும் இணைக்க வந்திருக்கிறாயா என்று அங்கே தன்னைக் கேட்டதை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லாகூரில் நகல் வேலை என்று ஒதுக்கியவர்கள் ஒருபுறம் என்றால், இங்கே கலாசாரத் தூதுவர் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள். அந்த ஆண்டு அவர் வரைந்த ஓர் உருவம் இதற்குப் பதில்போல இருக்கிறது: மிதக்கும் வெள்ளைப் பெண்ணுடல், தலை இல்லை, பாதங்களுக்குப் பதில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வேர்கள், எந்த மண்ணையும் தொடாமல். வேரைத் தன்னோடு எடுத்துக்கொண்டே நடக்கிறவள். இவள் பிறகு எத்தனையோ ஏடுகளில் வந்து போகிறாள், சர்பாவில் எடுத்துவைத்த உருவம்போல.

அடுத்து கோபிகைகள். இமயமலை அடிவார அரசவைகளில் தீட்டப்பட்ட பஹாடி ஓவியங்களில் கண்ணனைச் சுற்றி நிற்கும் பெண்கள். பாகிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் பெண் கோபிகையை வரையலாமா என்று இரண்டு பக்கமும் கேட்கக்கூடியவர்கள் உண்டு. ஆனால் லாகூர்ப் பாடத்திட்டத்தில் முகலாயம், பாரசீகம், பஹாடி எல்லாமே பயிற்சிதான். கோடு போடக் கற்கிற கைக்கு எல்லை தெரியாது. சிக்கந்தர் கண்ணனை எடுத்துவிட்டார். கோபிகைகள் மட்டும் இருந்தார்கள். பிறகு அவர்களின் கொண்டையைத் தனியே கழற்றினார். பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கருங்கூந்தல் சிறகுவிரித்த பறவையைப் போல இருக்கும். 2003இல் செய்த ‘ஸ்பின்’ என்ற அனிமேஷனில் முகலாய தர்பார் மண்டபத்தில் அரசரும் அமைச்சரும் இருக்க வேண்டிய இடத்தில் கோபிகைகள் வந்து நிறைகிறார்கள். கொஞ்ச நேரத்தில் உடல்கள் மறைந்து கூந்தல்கள் மட்டும் கூட்டமாகப் பறக்கின்றன. வௌவாலா, காக்கையா, வண்டா என்று சொல்ல முடியாத ஒரு கறுப்பு மொய்ப்பு.

2013இல் ஷார்ஜா கலைவிழாவுக்காகச் செய்த ‘பாராலாக்ஸ்’ மூன்று திரைகளில் ஒன்றாக ஓடும் அனிமேஷன். கையால் வரைந்த எத்தனையோ சிறு ஓவியங்களைக் கோத்துச் செய்தது. எண்ணெய்க் கப்பல்கள் போகும் ஹோர்முஸ் நீரிணைதான் களம். அங்கேயும் அதே கூந்தல் திரள் வருகிறது, இந்த முறை எண்ணெய்ப் படலம்போல. 2015 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் மின்பலகைகளில் நள்ளிரவுக்குச் சற்று முன் ஒவ்வொரு நாளும் சில நிமிடம் ஓடிய ‘கோபி கன்டேஜியன்’ என்ற அனிமேஷனிலும் அந்தத் திரள்தான். ஒரு மயிர்க்கற்றையை 20 ஆண்டுகள் சுமந்து, தாளிலிருந்து திரைக்கும் திரையிலிருந்து தெருவுக்கும் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். இதைக் கலகம் என்பவர்கள் பட்டறைப் பழக்கத்தைப் பார்க்கவில்லை. சர்பாவும் கரித்தூளும் இதைத்தானே செய்துவந்தன.

அந்நியக் கலப்புக்கும் அப்படித்தான். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பிரொன்ஸினோவின் வீனஸையும், 11ஆம் நூற்றாண்டு இந்தியக் கோயில் சிற்பத்தின் நடனப்பெண்ணையும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து பிணைந்த நிலையில் சிக்கந்தர் முதலில் தாளில் வரைந்தார், 2020இல் வெண்கலத்தில் வார்த்தார். துணிச்சலான கலப்பு என்று புகழ்கிறார்கள். 1580இல் கோவாவிலிருந்து வந்த ஏசு சபைப் பாதிரியார்கள் அக்பரிடம் படங்கள் அச்சிட்ட விவிலியத்தைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் முகலாய ஓவியர்கள் ஐரோப்பிய நிழல்முறையையும் மேரி மாதாவையும் தங்கள் ஏடுகளுக்குள் இழுத்துக்கொண்டுவிட்டார்கள். ஓவியங்களைச் சேர்த்துக் கட்டும் தொகுப்புக்குப் பாரசீகத்தில் ‘முரக்கா’ என்று பெயர். சொல்லுக்குப் பொருள் ஒட்டுப்போட்டது. சூஃபி பக்கிரியின் ஒட்டுப்போட்ட அங்கியையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள்.

சிக்கந்தரை மட்டும் பேசினால் லாகூரில் அவருக்குப் பின் நடந்தது விட்டுப்போகும். 2003இல் அந்தக் கல்லூரியில் படித்த 6 ஓவியர்கள் ‘கார்கானா’ (பட்டறை) என்ற பெயரில் 12 ஏடுகளைத் தபாலில் சுற்றவிட்டார்கள். லாகூர், மெல்போர்ன், சிகாகோ, நியூயார்க் என்று ஒருவர் தொடங்கியதன் மேல் அடுத்தவர் வரைய வேண்டும். வேண்டாமென்றால் அழிக்கவும் செய்யலாம். அவர்களில் ஒருவரான இம்ரான் குரேஷி 2013இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக மொட்டைமாடித் தரையில் ரத்தம் தெறித்ததுபோல் சிவப்பு வண்ணத்தைச் சிதறவிட்டார். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தெறிப்புக்குள்ளும் முகலாயத் தோட்டத்து இலைகள். மொட்டைமாடி அளவுக்கு ஒரு ‘சிற்றோவியம்’.

சரி, சிலைக்கு வருவோம். 2023 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கப் பூங்காவில் ‘விட்னஸ்’ முதலில் நின்றது. எதிரே இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கூரையில் அதன் தங்கை போன்ற ‘நவ்’ என்ற 8 அடிச் சிலை. அந்தக் கூரையில் மனு, மோசே, ஜராதுஷ்டிரர் என்று சட்டம் வகுத்த ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நபிகளின் உருவமும் ஒருகாலத்தில் இருந்தது; முஸ்லிம் நாடுகளின் வேண்டுகோளால் 1955இல் இறக்கப்பட்டது. அதனால் வரிசையில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. அங்கேதான் தாமரைமேல் ஒரு பெண். உண்மையைச் சொன்னால், சிலையாகப் பார்க்கும்போது எனக்கு இவை அவ்வளவு உவக்கவில்லை. ஏட்டில் அந்த உருவங்களுக்கு இருக்கும் மிதப்பு கனமான உடலாக மாறும்போது விறைத்துவிடுகிறது. ஆனால் அவற்றில் எதுவும் புதிது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேராகிற கைகால்கள் 1993இலிருந்து வருகின்றன. ஆட்டுக்கடாக் கொம்பாகச் சுருளும் கூந்தலுக்கு மூலம் 2001இல் ‘ப்ளெஷர் பில்லர்ஸ்’ என்ற ஓவியத்தின் நடுவில் அவர் வரைந்த தன் முகம். சிலையின் பாவாடைக் கூட்டில் ‘ஹவா’ என்று எழுதியிருக்கிறது. உருதுவில் காற்று; நம் ஊர் முஸ்லிம்கள் ஹவ்வா என்றும் கிறிஸ்தவர்கள் ஏவாள் என்றும் சொல்லும் முதல் பெண்ணின் பெயரும் அதில் ஒலிக்கிறது.

2024 பிப்ரவரியில் சிலை ஹூஸ்டனுக்கு வந்தபோது, கருக்கலைப்பை எதிர்க்கும் ஓர் அமைப்பு அந்தக் கொம்பைச் சாத்தானின் கொம்பு என்றது. பல்கலைக்கழகம் திறப்பு நிகழ்ச்சியையும் கலைஞரின் உரையையும் கைவிட்டது. ஹூஸ்டன் அவருக்கு அந்நிய ஊரும் இல்லை. 1995 முதல் 1997 வரை அங்கே தங்கி ஓவியம் தீட்டியிருக்கிறார். கோபிகைகளும் வேர்ப்பெண்ணும் உருண்டு திரண்டது பாதி அந்த ஊரில்தான்.

தலை போன பிறகு சரிசெய்ய வேண்டாம், நடந்தது தெரியும்படி அப்படியே நிற்கட்டும் என்று சிக்கந்தர் சொன்னார். உடைத்தவருக்கு அவருடைய பழைய ஏடுகளைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். தலையில்லாமல், வேர்களோடு நிற்கும் பெண்ணை அவர் 31 ஆண்டுகளுக்கு முன்பே வரைந்துவிட்டார்.